மைக்கில் கேட்ட மன்னிப்பு

அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தையற்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் பிசிறாமல் அடைத்துத் தைக்க வேண்டும். அதனால் கடையிலும் சபையிலும் அவள் காஜாக்கா. இத்தனைக்கும் வலது கை நடுவிரல் கோணல், சரியாக மடங்காது. மெஷினில் மாட்டிக்கொண்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மாட்டியது மெஷினில் அல்ல, குடித்துவிட்டு வந்த புருஷன் கையில்.

அந்த மனுஷனைத்தான் கர்த்தர் தொட்டுவிட்டாராம்!

தொட்டிருக்கலாம், யார் கண்டது? குடி நின்றது உண்மை. வீட்டில் பாத்திரம் பறப்பது நின்று பாட்டுச் சத்தம் வந்தது. அதையெல்லாம் காஜாக்கா இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சபையில் பக்தியைத் தட்டியெழுப்ப மாதக்கணக்கில் நடக்கிற எழுப்புதல் கூட்டம் என்று ஒன்று வந்தது பாருங்கள், வினை அங்கேதான் ஆரம்பித்தது. போதகர் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார். நான் எப்படிக் கெட்டழிந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கியெடுத்தார் என்று ஜனங்கள் முன்னால் சொல்ல வேண்டும். நல்ல வழக்கம்தான், அளவோடு இருந்தால். இவருக்கா அளவு தெரியும்? எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே கைக்குட்டையை எடுக்க வேண்டும், எல்லாம் ஒரே நாளில் அத்துப்படி ஆகிவிட்டது.

"என் மனைவியோட விரலை இந்தக் கையாலே ஒடிச்ச பாவி நான்!" என்று கத்தினார்.

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. எதற்கு ஸ்தோத்திரம்? விரல் ஒடிந்ததற்கா?

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவளை நோக்கித் தலைகள் திரும்பின. ஒருத்தரும் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த மானத்தைச் சொந்தப் புருஷனே ஒலிபெருக்கி வைத்துக் கப்பலேற்றிவிட்டார். மறுநாள் கடையில் கட்டிங் மாஸ்டர், "மெஷின்ல மாட்டுச்சுன்னீங்களேக்கா?" என்று கேட்டபோது, அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை.

அப்புறம் என்ன, அடுத்தடுத்த சபைகளிலிருந்தும் அழைப்பு வந்தது. மனுஷன் கோட்டு தைத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று அழுது பார்த்தார். வீட்டில் காபி கேட்பார், சலவைச் சட்டை கேட்பார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஊரெல்லாம் போய் விரலைப் பத்திச் சொல்றீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை..."

"அதான் கர்த்தரே மன்னிச்சிட்டாரே! நீ என்ன அவருக்கும் மேலயா?"

அடுப்பில் பொங்கி வழிந்த பாலை அவள் துடைத்தாள்.

கூட்டத்தின் கடைசி நாள் காலையில் நாத்தனார் வந்து நின்றாள். "அண்ணி, இன்னைக்கு அண்ணனைப் பிரசங்கம் பண்ற ஊழியக்காரரா பிரதிஷ்டை பண்றாங்க. உங்களையும் மேடைக்குக் கூப்பிடுவாங்க. மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே, காசா பணமா?"

"மனசுல இல்லையே, எப்படிச் சொல்றது?"

"சொல்லலேன்னா அண்ணனுக்கு இந்த ஊழியமே கிடைக்காது. உங்களையும் கல்நெஞ்சக்காரின்னு சபையே ஒதுக்கிடும். பாத்துக்கோங்க."

இஷ்டமிருந்தால் பொய் சொல்லலாம், இல்லையென்றால் தெருவில் நிற்கலாம். நல்ல எழுப்புதல்!

மேடை விளக்கில் கண் கூசியது. கீபோர்டு மெல்ல இழைந்தது. "சகோதரியே, மன்னிச்சிட்டேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, ஜனங்க கேட்கட்டும்" என்றார் போதகர். அவள் பேசுவதற்குள் புருஷன் மைக்கோடு தொப்பென்று மண்டியிட்டார். அவள் பக்கம் அல்ல, ஜனங்கள் பக்கம்.

"கண்ணே, என்னை மன்னிச்சிடு!"

கண்ணேயாம்! கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு 'ஏய்'தான் பெயர்.

"இந்தப் பக்கம் திரும்பிக் கேளுங்க" என்றாள்.

திரும்பினார்.

"இப்ப மைக்கைக் கீழ வைங்க."

"ஜனங்களுக்குக் கேட்க வேணாமா?"

"ஏன்? நீங்க ஒடிச்சது ஜனங்க விரலையா?"

அது மைக்கில் விழுந்து கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அவர் போதகரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவளுக்கு அந்தக் கணத்தில்கூட ஒரு நப்பாசை இருந்தது. கீழே வைத்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு தரம் சொல்லியிருந்தால் மன்னித்தும் இருப்பாள். பைத்தியக்காரி! அவர் மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்புதல் நடக்கிற இடத்துல சாத்தானும் வேலை செய்வான்!" என்று போதகர் முழங்க, கீபோர்டுச் சத்தம் ஏறியது. காஜாக்கா படியிறங்கி, விலகி வழிவிட்ட கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே வந்தாள்.

தெருவில் ஆளில்லை. சபையில் சொல்லிக் கொடுத்த ஜெபம் நாக்கு நுனியில் வந்தது: 'பரம பிதாவே, உம்முடைய சமூகத்தில்...' அதற்கு மேல் ஓடவில்லை. நீரும் உம்மும் மனப்பாடம் செய்தவை, அவளுடைய பேச்சே அல்ல. மூடிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்தாள். அழுகையும் ஆத்திரமுமாக, பக்கத்து வீட்டு மனுஷரிடம் நியாயம் கேட்கிற மாதிரி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாக ஜெபித்தாள்.

"ஆண்டவரே, அவரை நீங்க மன்னிச்சிட்டீங்கன்னு சொல்றாரே, நிஜமா? என்னை ஒரு வார்த்தை கேக்காமயா மன்னிச்சீங்க?"