விதைக்காத பாத்தி

ஹமீது சார் போய்விட்டார் என்று தலைமையாசிரியர் போனில் சொன்னபோது, பள்ளித் தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறை, அன்று என் முறை. குழாயை மூடத் தோன்றாமல் நின்றேன். அவருடைய பாத்தி நிரம்பி வழிந்தது.

அந்தப் பாத்தியை அறியாதவர் நம் ஆசிரியர் அறையில் யாருமில்லை. தைப்பனி விலகுவதற்குள் நாமெல்லாம் மண்ணைக் கொத்தி, எருவிட்டு, வெண்டை, தக்காளி என்று விதைப்போம். கணக்கு வாத்தியாரான அவர் மட்டும் நம்மைவிட நன்றாகக் கொத்தி, எருவும் விட்டு, ஒன்றுமே விதைக்காமல் கையைக் கழுவிக்கொள்வார். "என்னதான் வருதுன்னு பாக்கலாமுங்க" என்பார். பெரும்பாலும் குப்பைக்கீரை வரும். ஒருமுறை பூசணி வந்து காம்பவுண்டுச் சுவரேறியது.

"ஏனுங்க சார், விடை தெரியாம உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?" என்று சீண்டினேன்.

"விடை தெரிஞ்ச கணக்கத்தானுங்க வருசம் பூரா போடறேன்."

இந்த வருடம் ஒரே ஒரு செடி தலைகாட்டியது. "காக்கா எச்சத்துல வந்த சுண்டை" என்றேன். "இல்லீங்கம்மணி, எருக்குழியில யாரோ வீசுன சொத்தைக் கத்திரி" என்றார். தண்டில் முள்ளைக் காட்டினேன். "முள்ளுக் கத்திரியும் இருக்குதுங்களே!" என்று சிரித்தார். பந்தயம் கட்டினோம். சுண்டையென்றால் அவர் வீட்டிலிருந்து எனக்கு வத்தல். கத்திரியென்றால் நான் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து தர வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசியபோதும், "மொட்டு வந்துருச்சுங்களா?" என்றுதான் கேட்டார். "முதல்ல ஒடம்பப் பாருங்க சார்" என்று அதட்டினேன். விடை வருமுன் அவர் கிளம்பிவிட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் போன பிறகுதான் செடி பூத்தது. ஊதாப் பூ. சுண்டையென்றால் வெள்ளையாகப் பூத்திருக்கும். கத்திரியேதான். தோற்றுப்போனதற்காக நான் அழுதது அன்று மட்டும்தான்.

காய்த்ததும் சமைத்து எடுத்துக்கொண்டு உக்கடத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"அப்ப கத்திரிதானுங்களா?"

"உங்களுக்குமா தெரியும்?"

"எங்கிட்டயும் பந்தயம் கட்டிப்போட்டாருங்க. நானும் சுண்டைன்னுதான் சொன்னேன்." சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

இருவரும் அதே டப்பாவிலிருந்து சாப்பிட்டோம்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பாத்தியைத்தான். வருகிற தையில் நானே கொத்துவேன், எருவிடுவேன். தயவுசெய்து யாரும் அதில் எதையும் விதைத்துவிடாதீர்கள்.