விளையாட்டுக்குக் கிழித்த பாதை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கினால் போதும், என் கணவர் ஊரையே கூட்டித் திட்டுவார். "மனுசர் இருக்கிற இடமே இது?" அதே மனிதர், மழைக்காலம் பிடித்துவிட்டால் நண்பர்களோடு ஜீப்புகளை எடுத்துக்கொண்டு மலைநாட்டில் சேறு தேடிப் போவார். போகிற இடத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்து, பெனர் பிடித்துப் படம் எடுப்பதும் வழக்கம். அதனால் அதற்குச் சமூக சேவை என்று பெயர் வேறு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்கு நானும் போய்த் தொலைத்தேன். தேயிலைத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறும் மண்பாதை அது. அங்கிருப்பவர்களுக்கு வேறு பாதை கிடையாது. வீடியோவுக்காகப் பின்னேரம் முழுக்க எங்கள் ஜீப்புகள் அதே ஏற்றத்தில் ஏறி இறங்கின. சில்லுகள் சுழன்று சேறு தெறிக்கத் தெறிக்க இவர்களுக்கு ஒரே ஆரவாரம். கடைசியில் பாதை உழுத வயல்போலக் கிடந்தது.

மறுநாள் காலை, நாங்கள் புறப்படும் நேரம், லயத்திலிருந்து இறங்கிய ஓர் ஓட்டோ அந்தப் பள்ளத்தில் புதைந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். அவளுடைய புருஷன் முழங்கால் சேற்றில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். என் கணவர் செய்த முதல் வேலை போனைத் தூக்கியதுதான்.

"ஒரு நிமிஷம், எல்லாரும் நில்லுங்கோ. இழுக்கிறதை வீடியோ எடுப்பம்."

ஜீப்பின் பின் சீற்றில் கிடந்த கூடாரத்தையும் ஐஸ் பெட்டியையும் தூக்கிச் சேற்றில் எறிந்தேன்.

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். அந்தப் பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு ஜீப்பை எடுங்கோ!"

வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். நான் கடவுளையும் கணவரையும் மாறி மாறித் திட்டினேன். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. தாய்க்கும் சுகம்.

அவளுடைய புருஷன் வெளியே வந்து என் கணவரைப் பார்த்துக் கைகூப்பினார். "ஐயா, நீங்க இல்லாட்டி என்னா ஆயிருக்கும்!"

"பரவாயில்லை, பரவாயில்லை," என்றார் இவர். பரவாயில்லையாம்!

இவர் நண்பர்களுக்குப் போன் எடுக்க அப்பால் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "இவருக்கு நன்றி சொல்லாதேங்கோ. அந்தப் பாதையைக் கிழிச்சதே நாங்கள்தான்."

அந்த மனிதர் குரலைத் தாழ்த்தினார். "தெரியுங்கம்மா. மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தோம். ஆனா புள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போக, இப்ப அந்த ஜீப்பு மட்டுந்தானே ஏறும்."