ஊசிவால் வாத்துகள் பறந்த பிறகு

கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்குப் போவேன். அன்று ஏரியின் நடுவே ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இறங்கியிருந்தன. குளிர்காலத்துக்காக வடக்கே இருந்து அத்தனை தொலைவு பறந்து வந்தவற்றைக் கண்டதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அருகில் வந்தாள்.

"இன்னாங்க பாத்துக்கினு இருக்கீங்க?"

"வாத்துங்கக்கா. நீங்களும் பாருங்க" என்று பைனாகுலரை அவளிடம் கொடுத்து, நடு ஏரியைக் காட்டினேன்.

வாத்துகள் மொத்தமாக எழுந்து பறந்துபோன பிறகும் அவள் அதே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பறவைங்க போயிடுச்சேக்கா" என்றேன்.

"அங்கதாங்க எங்க வூட்டுக்காரரு வலை போடப் போனாரு. ஐப்பசி மழையில ஏரி ரொம்பி வழிஞ்சுது. எல்லாரும் தேடுனாங்க, கெடைக்கல. வெள்ளத்தோட போயிட்டாருன்றாங்க. நான் நம்பலங்க."

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "இதுல தண்ணிக்கு அடியில தெரியுமாங்க?"

"தெரியாதுக்கா" என்றேன்.

ஈரமாகியிருந்த கண்ணாடியை முந்தானையால் பதமாகத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

இப்போதும் அந்த ஏரிக்குப் போகிறேன். பறவைகள் எழுந்து போனதும் முன்பெல்லாம் நானும் கிளம்பிவிடுவேன். இப்போது வெறும் தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன்.