வால்நட் சட்டம் போட்ட கேரம் போர்டு

நேற்று டெக்சாஸில், பிளானோ வீட்டுக் கராஜை ஒழுங்குபடுத்தும்போது பழைய கேரம் போர்டு கையில் அகப்பட்டது. ஜன்னலோரமே கிடந்து வெளுத்திருந்தது. மகள் அதன் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "மாம், இஸ் திஸ் ஓக்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஓக் மரமாம்! கருப்பு வால்நட், என் கையால் இழைத்தது. பல மரங்கள் வயதாக ஆகக் கறுக்கும்; இது வெளுக்கும், என் தலைமுடி மாதிரி.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் எனக்குக் கணவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. வேலைக்குப் போகக் கூடாது. சனிக்கிழமையானால் கணவர் சலீமும் நண்பர்களும் கராஜில் கேரம் ஆடுவார்கள், நான் சமோசா பொரிப்பேன். காயல்பட்டினத்தில் அண்ணன்மாரை ஆட்டத்தில் அழவிட்டவளுக்கு இங்கே இடமில்லை! "தங்கச்சி, சமோசா!" என்று குரல் வரும். அது ஜாபர் அண்ணன், அந்தக் கூட்டத்தின் சாம்பியன்.

ஊரிலிருந்து தூக்கிவந்த போர்டின் சட்டம் டெக்சாஸ் வெயிலில் பிளந்தது. "நான் புதுசா போட்டுத் தர்றேன். ஆனா முதல் ஆட்டம் எனக்கும் ஜாபர் அண்ணனுக்கும்" என்றேன்.

"நீயா? விரலப் பாத்துக்க" என்று சலீம் சிரித்தார்.

கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் சேர்ந்தேன். துப்பாக்கிக் கட்டை செய்கிற மரம் வால்நட்; அதிர்ச்சி தாங்கும், நன்றாகக் காய்ந்தால் முறுக்காது, இழைப்புளியோடு வம்பு பண்ணாது. தூள் மட்டும் யா அல்லாஹ், தும்மித் தும்மியே மூக்கு சிவந்தது. சட்டத்தைப் பூட்டியதும் நாலு பக்கமும் ஸ்ட்ரைக்கரை அடித்து அடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் எப்படித் திருப்பி அனுப்பும் என்பது எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

கேட்டபடியே கிடைத்த முதல் ஆட்டத்தில் எனக்கும் ஜாபர் அண்ணனுக்கும் ஒவ்வொரு காய்தான் பாக்கி. என்னுடையது என் கோட்டுக்குப் பின்னால், மூலைக்குப் பக்கத்தில் கிடந்தது. நேராக அடிக்க வழியே இல்லை.

"முடிஞ்சுது தங்கச்சி, சமோசாவ எடுத்துட்டு வாம்மா" என்றார் ஜாபர் அண்ணன்.

எதிர்ச் சட்டத்தைப் பார்த்து அடித்தேன். டக்! ஸ்ட்ரைக்கர் நூல் பிடித்த மாதிரி திரும்பி வந்து காயைக் குழிக்குள் தள்ளியது. சலீம்தான் முதலில் விசிலடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜாபர் அண்ணன் சட்டத்தையே பார்த்தார். "என்ன மரம்மா இது?"

"வால்நட், அண்ணே. சமோசா அடுப்படியில இருக்கு, போய் எடுத்துக்குங்க."

போனார், எடுத்துக்கொண்டார். எனக்கும் ஒன்று கொண்டுவந்தார்.

பிறகு அவர் கலிபோர்னியாவில் சான் ரமோனுக்கு மாறினார், கூட்டம் கலைந்தது. அந்தச் சனிக்கிழமைகள் போயின, மரத்தின் கருப்பும் போயிற்று. "தங்கச்சி, சமோசா!" என்ற குரல் மட்டும் அன்றைக்கே போய்விட்டது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.