இலையை மருந்தென்று சொல்லாத தேவகி

டாக்டர் தேவகி போய்விட்டார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். எனக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னவர், எங்கள் தீவின் வடக்குக் கடற்கரையில் ஹோட்டலும் பின்னலாடை ஆலையும் நடத்துகிற ஒரு பெரிய மனிதர். இரங்கல் சொன்ன வாயாலேயே, தேவகியின் நல்ல புகைப்படம் இருக்கிறதா, தான் விற்கும் தேயிலைப் பொட்டலத்தில் போட வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டேன்.

தேவகியை அறிந்த உங்களுக்கு இந்தத் தேயிலைக் கதை அரைகுறையாகத் தெரிந்திருக்கும். அவரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த உரிமையில் முழுதாகச் சொல்கிறேன்.

கியூர்பிப் ஊர்ப் பக்கத்து மழையில் வளரும் ஒரு செடி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே சந்தையில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அதன் இலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை, எலியின் நோய் எதிர்ப்பு அணுக்களோடும் மூளைக்கட்டி அணுக்களோடும் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் வைத்தார் தேவகி. சோம்பிக் கிடந்த எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொண்டு கட்டி அணுக்களைத் தாக்கின. சென்னையிலிருந்து வந்த புதிதில் நான் துள்ளிக் குதித்தேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே, "மிஸ்யே, இது தட்டு. தலை இல்லை" என்றார். ஐயா என்பதற்கு இங்கே மிஸ்யே. மனிதத் தலைக்குள் இது போய்ச் சேருமா என்று கேட்டேன். "மோ பா கோனே. தெரியாது" என்றார். வீட்டில் பேசுகிற கிரியோலிலும், எனக்காகக் கஷ்டப்பட்டுப் பேசும் தமிழிலும் அவர் அடிக்கடி சொன்னது அதுதான்.

"தெரியாது" என்பதை வைத்து யாரும் கடை போட முடியாது. பத்திரிகையில் நான்கு வரி வந்ததும் அந்தப் பெரிய மனிதர் இலையைக் காயவைத்துப் பொட்டலம் கட்டினார். ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சாய்ந்து படுத்துக்கொண்டு குடித்தார்கள். அதோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்போம். தைப்பூசக் காவடி விரதம் தொடங்கியதும் கோவில் வாசலில் கடை போட்டு, "மூளைக்கட்டிக்குச் சைவ மருந்து" என்று பலகையும் மாட்டினார். சாமியை முன்னால் நிறுத்தி நோயாளியின் தலையைத் தடவுகிற இந்த ஈனத்தனத்தை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரிவியேர் டு ராம்பார் ஊரில் சின்னையா என்பவர், அந்த மனிதரின் ஆலையிலேயே இயந்திரம் ஓட்டியவர். மூளையில் கட்டி, அறுவை செய்தும் முழுதாக எடுக்க முடியவில்லை. வீக்கம் குறைய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரையில் என்ன கலந்திருக்கிறதோ, இலைதான் சுத்தம் என்று எண்ணி, மீனையும் இறைச்சியையும் விட்டதுபோல மாத்திரையையும் விரதத்துக்காக விட்டுவிட்டார். சில நாளில் மனைவியின் பெயர்கூட அவருக்கு வரவில்லை. அந்த மனைவி காந்தா எங்களிடம் ஓடிவந்து கேட்டது என்ன தெரியுமா? "டாக்டர், இன்னும் ஃபோரா, வீரியமா இருக்கிற இலை தாங்க. கடையில வாங்கினது பத்தல."

தேவகி ஆஸ்பத்திரி மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுக் காரை எடுத்தார்; நானும் உடன் போனேன். நேராகக் கோவிலுக்குப் போய்க் குருக்களைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த அவர் தயங்கினார். "வைத்தியத்துல நான் எப்படிம்மா தலையிடறது?"

"உங்க வாசல்லதானே வித்தாங்க, சாமி?"

குருக்கள் வண்டியில் ஏறினார். சின்னையா வீட்டில் அவர் நெற்றியில் விபூதி பூசி, உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, "விரதத்துக்கு ஒரு குறையும் வராது, போட்டுக்கோங்கோ" என்றார். சின்னையா விழுங்கினார்.

"அப்போ உங்க இலை?" என்றார் காந்தா.

"என் இலை அவரைக் காப்பாத்தாது. மாத்திரையும் காப்பாத்தாது. கொஞ்ச நாள் தெளிவு குடுக்கும்."

இப்படியா பச்சையாகச் சொல்வது என்று காரில் சண்டை போட்டேன். "பொய் சொல்ல அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு, மிஸ்யே" என்றார்.

மறுநாள் முதல் கோவில் வாசலில் அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே நின்றார். கண்டுபிடித்தவள் நான், இது மருந்தில்லை என்று வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். கடை போனது. ஹோட்டலில் வியாபாரம் மட்டும் இன்றுவரை நடக்கிறது.

இறுதிச் சடங்கில் அந்த மனிதர் மலர்வளையத்தோடு வந்து, "உலகத்துக்கு மருந்து தந்த நம் சகோதரி" என்று கொஞ்சமும் கூசாமல் பேசினார். கைதட்டவும் நாலு பேர் இருந்தார்கள். அருவருப்புத் தாங்காமல் வெளியே வந்தேன். அங்கே காந்தா நின்றிருந்தார். சின்னையா இறந்த பிறகு அன்றுதான் அவரைப் பார்க்கிறேன். தேவகியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அப்போது காந்தா சொன்னதைத்தான்.

"மாத்திரை போட்டப்புறம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு, மிஸ்யே. போகப்போறார்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால எல்லாம் பேசிட்டோம். டாக்டருக்குத்தான் நான் ஒரு மெர்சி, ஒரு நன்றி சொல்லல."