தூக்கப் பழகிய பெண், கனக்கத் தெரியாத அப்பா

போன சனிக்கிழமை தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அல்லவா... கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு மார்க் ஷீட். ஆளுக்கொரு கவலை.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஏரியாக்காரர்தான், போஸ்ட் ஆபீஸில் வேலை. பக்கத்தில் அவர் மகள். தோளில் மாட்டியிருந்த பை அவளைவிடப் பெரிதாக இருந்தது.

"சார், உங்க பொண்ணு பிசியோதெரபிதானே படிச்சுது? அதுல சேர என்னென்ன வேணும்?"

தெரிந்ததைச் சொன்னேன். பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் இருக்க வேண்டும். பயாலஜி இல்லாத குரூப் எடுத்துவிட்டு அப்புறம் ஆசைப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட். படிப்பு நாலு வருஷம், பிறகு ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. மேலே எம்.பி.டி. படிக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு வருஷம். அதற்கு சீட்டு ரொம்பக் குறைவு. தனியாகப் பரீட்சை, தனியாக இன்டர்வியூ.

"டாக்டருக்குப் படிக்கற மாதிரியே இழுக்குதே சார்" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மகள் மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், ஒல்லியா இருந்தா சேர்த்துக்க மாட்டாங்களாமே?"

"யாரும்மா சொன்னது?"

"டியூஷன்ல எல்லாரும் சொல்றாங்க. ஆளைத் தூக்கணுமாம்."

அதற்குள் என் முறை வந்துவிட்டது. "சேர்த்துக்குவாங்கம்மா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அந்தக் குழந்தை கேட்ட கேள்விக்கு அது பதிலா? எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எத்தனை நாள் குடியிருந்தது என்று எனக்கல்லவா தெரியும்... பிள்ளைகளே, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த பெண் ரூத் உங்களுக்குப் புதியவள் அல்ல. பாத்ரூமில் பல்லியைப் பார்த்துவிட்டு, கத்திய கத்தலில் தெருவையே கூட்டினவள் என்று இதே இடத்தில் எழுதி, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட், பேரிங்... இவைதான் என் உலகம். ரூத் பிளஸ் டூ முடித்துவிட்டு பிசியோதெரபி என்று சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கை கால் அமுக்கி விடற வேலையா?" என்று கேட்டாள் என் மனைவி லில்லி.

"அமுக்கறதில்லைம்மா. கை கால் வராமப் போனவங்களுக்கு அதை மறுபடி வர வைக்கறது."

லில்லிக்கு அது போதும். அவள் அண்ணன் கடைசிக் காலத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்தவர்.

மார்க் போதுமானதாக இருந்தது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்தவர் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "எண்பது கிலோ ஆளு ஒருத்தர் கட்டில்ல இருக்காரு. அவரைத் தூக்கிச் சேர்ல உக்கார வைக்கணும். உன்னால முடியுமாம்மா?"

"கத்துக் குடுத்தா முடியும் சார்" என்றாளாம் இவள்.

நல்ல பதில். சீட்டும் கிடைத்தது. ஆனால் திரும்பி வரும்போது எலக்ட்ரிக் ட்ரெயினில், மீனம்பாக்கம் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, அவர் ஏன் என்னை மட்டும் அதைக் கேட்டாரு?"

"எல்லாரையும் கேட்டிருப்பாரும்மா."

கேட்கவில்லை. வெளியே நின்ற இரண்டு வாட்டசாட்டமான பையன்களிடம் நான் விசாரித்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் வருஷம் எலும்பு, நரம்பு என்று புத்தகத்தோடு போயிற்று. உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிற கோணமானி மாதிரி, இரண்டு கை முளைத்த ஒரு கருவி கொண்டு வந்து எங்கள் முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் அளந்தாள். என் வலது தோள் முழுசாக உயரவில்லை என்று அதில்தான் தெரிந்தது. இருபது வருஷமாக மேல் தட்டில் இருந்து பேரிங் பெட்டி எடுத்த தோள்.

இரண்டாம் வருஷத்தில் வந்தது அந்தப் பாடம். எழ முடியாதவரைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றுவது.

அது எப்படித் தெரியுமா? அவரைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும். நம் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அவர் கால் மடங்கி விழாமல் இருக்க. முதுகை வளைக்காமல் காலை மடக்கிக் குனிந்து, அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, அவரை நம் பக்கம் சாய்த்து, ஒரு வீச்சில் எழுப்பி, திருப்பி, நாற்காலியில் மெல்ல இறக்க வேண்டும். பலம் கொஞ்சம்தான், பாக்கி எல்லாம் வழிமுறை என்பாள் ரூத்.

இதற்கு நோயாளி வேண்டுமே? நான்தான்.

சாயங்காலம் வேலை விட்டு வந்து, குளித்து, எல்லோரும் லுங்கி கட்டுவார்கள். நான் பேன்ட் போட்டு பெல்ட் மாட்டிக்கொண்டு இரும்புக் கட்டிலில் படுப்பேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கமலா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணா, பெல்ட்டெல்லாம் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கீங்க? எங்கயாவது விசேஷமா?"

"பக்கவாதம், கமலா."

"அய்யய்யோ, எப்பலேர்ந்து?"

"ஆறு மணிலேர்ந்து. ஏழு மணிக்குச் சரியாயிடும்."

நான் எழுபத்தைந்து கிலோ. ரூத் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனாலும் என்னை எழுப்பி ஒயர் சேரில் உட்கார வைத்தாள் பாருங்கள்... ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அவள் தம்பி டேவிட்டை, லில்லியை, அப்படியே. பெருமை தாங்கவில்லை எனக்கு. கம்பெனி கேன்டீனில்கூடச் சொன்னேன்.

பல்கலைக்கழகப் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால் கல்லூரியில் ஒத்திகைப் பரீட்சை வைத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த ரூத் காபியைத் தொடவில்லை.

நோயாளியாக உட்கார்ந்தது ஒரு சீனியர் பையன். இடது பக்கம் வேலை செய்யாதவனாக இருக்கச் சொன்னார்களாம். இவள் இழுத்தாள், அவன் எழவே இல்லை. இரண்டாம் தடவை இழுத்தபோது அவன் கனம் இவளையும் சேர்த்துக் கட்டிலில் சாய்த்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம்.

டீச்சர் மட்டும் சிரிக்காமல் கேட்டிருக்கிறார். "வீட்ல யாரை வெச்சுப் பழகினே?"

"எங்கப்பாவை மேடம்."

"அவருக்குக் காலு நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு மேடம்."

"அப்போ அவராத்தான் எழுந்து நின்னிருக்காரு. நீ தூக்கலை."

சொல்லிவிட்டு ரூத் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீ காலை ஊணினியா?"

"இல்லவே இல்லைம்மா." உண்மையாகத்தான் சொன்னேன்.

"படு" என்றாள். பழையபடி உட்கார வைத்தாள். என் முழங்காலுக்கு மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பெல்ட்டைப் பிடித்தாள். இழுப்பதற்கு முன்பே அங்கே சதை கல்லாக இறுகியது. எனக்கே தெரிந்தது.

"இது என்ன?"

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

டேவிட்டை உட்கார வைத்தாள். அவன் துள்ளியே எழுந்தான். லில்லி இன்னும் மோசம். கை வைப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்டி..."

ரூத் ஒயர் சேரில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பேப்பர் போனால் கூடப் படித்தவர்கள் மூன்றாம் வருஷம் போவார்கள், இவள் இங்கேயே நிற்க வேண்டும். அதுகூட அவள் கவலை இல்லை. "அன்னிக்கு இன்டர்வியூல அந்த சார் கேட்டது சரிதான்பா. நான் இதுக்கு ஆளு இல்லை போலிருக்கு. சேர்றதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

அப்பாக்களுக்கு இப்படி ஒரு நிமிஷம் வரக்கூடாது. ஆறுதல் சொல்லலாம். ஆனால் ஆறுதலும் ஒருவகையில் காலை ஊன்றுகிற வேலைதானே?

"மறுபடி வா. இந்தத் தடவை நான் நிஜமாவே கெடக்கறேன்" என்றேன்.

சொல்வது சுலபம். உடம்பைத் தளர விடுவது இருக்கிறதே... முதல் நாள் முடியவில்லை. இரண்டாம் நாளும் முடியவில்லை. அவள் குனிந்ததும் என் கால் தானாகத் தரையைத் தேடியது.

"மறுபடி ஏமாத்தறே."

"உன் முதுகு பிடிச்சுக்கிட்டா என்னம்மா பண்றது?"

"என் முதுகை நான் பாத்துக்கணும்ப்பா. அதுதான் படிப்பே."

டேவிட் நடுவில் புகுந்தான். "அவரு எப்பவும் இப்படித்தான்க்கா. ஸ்கூலுக்குத் தெர்மகோல்ல எரிமலை நான் செய்யறேன்னேன். அவரே செஞ்சு குடுத்தாரு. பர்ஸ்ட் பிரைஸ் அவருக்குத்தான் குடுத்திருக்கணும்."

பொடியன் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் எத்தனை இடத்தில் நம்மை நாமே லேசாக்கிக் கொள்கிறோம். அவர்களும் தூக்கிவிட்டோம் என்று நம்பிவிடுகிறார்கள். கடைசியில் வெளியே, யாரோ ஒருவர் உண்மையான கனத்தோடு முன்னால் வந்து உட்காருகிறார்...

மூன்றாம் நாள் ரூத் வேறு மாதிரி வந்தாள். தலையை வாரி, கல்லூரிக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, என் எதிரில் நின்றாள்.

"வணக்கம் சார். என் பேரு ரூத். உங்களை இந்தக் கட்டில்லேர்ந்து சேருக்கு மாத்தப் போறேன். உங்க இடது கால் உங்களுக்கு உதவி பண்ணாது. பரவாயில்லை. நான் பிடிச்சிருக்கேன். சரிங்களா சார்?"

பிறந்ததில் இருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட பெண். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. எதிரில் நிற்பது என் மகள் இல்லை, தன் வேலை தெரிந்த யாரோ ஒருத்தி என்று உடம்புக்கு எப்படியோ புரிந்தது. லில்லியின் அண்ணன் ஞாபகம் வந்தது. அவருக்கு ஊன்றக் கால் ஏது? பிடித்தவர்களை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி ஏது?

"சரிங்கம்மா" என்றேன்.

கால் தளர்ந்தது. அவள் மேல் அப்படியே சாய்ந்தேன். அவள் மூச்சு இறுகுவது காதில் கேட்டது. அவள் முழங்கால் என் முழங்காலை முட்டியது. ஒரு கணம் இரண்டு பேரும் விழப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். லில்லி அடுப்படியில் இருந்து ஓடி வந்து, பாதியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கட்டில் பின்னால் போயிற்று, சுவர் திரும்பியது... ஒயர் சேர் கிரீச் என்றது.

"ரொம்பக் கனமா இருக்கீங்க சார்" என்றாள் ரூத், மூச்சு வாங்கிக்கொண்டே.

அதன் பிறகு பரீட்சை வரைக்கும் தினமும் நான் கனமாகவே இருந்தேன். நாலைந்து தடவை கட்டிலிலேயே திரும்ப விழுந்தோம். கமலா வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

பரீட்சை அன்றைக்கு லீவு போட்டுவிட்டு கல்லூரி கேட் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாரும்மா நோயாளி?"

"எங்க அட்டெண்டர் அண்ணன். உன்னைவிட நல்ல குண்டு."

"ஏதாவது உதவி பண்ணாரா?"

"எக்ஸாமினர் எதிர்லயே நின்னாரு, எப்படிப் பண்ணுவாரு? அதுவுமில்லாம காலைலேர்ந்து எல்லாரும் தூக்கித் தூக்கி இறக்கி, ஆளு துவண்டுட்டாரு. 'இன்னா பாப்பா, நீயுமா? ஒரே பேஜாரா கீது, எப்டியோ இஸ்துகினு போ'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சேர்ல உக்கார வெச்சேன். எக்ஸாமினர் ஏதோ எழுதினாரு. அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க."

பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ரொம்பக் கனமா இருந்தாரா?"

யோசித்துவிட்டுச் சொன்னாள். "இருந்தாரு. ஆனா நீதான்பா ஜாஸ்தி."

இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் யாரும் கொடுத்ததில்லை.

ரூத் அந்தப் பேப்பரில் தேறினாள். இப்போது ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருக்கிறாள், எம்.பி.டி.க்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கிறாள். சீட்டு கிடைக்குமா தெரியாது. அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பிள்ளைகளே, நீங்கள் ஒரு வேலையோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலேயே உங்கள் அப்பாவோ அம்மாவோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்... அவர்கள் ரொம்பக் கஷ்டப்பட்டு சும்மா இருக்கிறார்கள்.