இறுகிய ஒன்பது வரிசைகள்

ஃபெங்சின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஏழு ஆணிகள், ஏழிலும் ஏழு துணிப்பைகள். முதல் பையில் புருஷன் சாங்ஹேவுக்கு ஒட்டக நிறத்தில் ஸ்வெட்டர். இரண்டாவதில் மகளுக்குக் கம்பளிக் கால்சட்டை. மூன்றாவதில் ஓர் உள்சட்டை, வேலைக்கென்று தொழிற்சாலை கொடுத்த வெள்ளைக் கையுறைகளைப் பிரித்து எடுத்த நூலில். நாலாவதில் தம்பி மகள் கல்யாணத்துக்குத் தலையணை உறை. அதில் பூத்தையலில் இரண்டு வாத்துகள், ஒன்றுக்கு இன்னும் தலை வரவில்லை. மிச்சம் மூன்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவளே பையைத் திறந்து பார்த்துத்தான் சொல்வாள். காலையில் கிளம்பும் அவசரத்தில் எது கைக்கு அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

ஹார்பின் நகரத்துக் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்து, கீழே விசில் அடிக்காத நேரமெல்லாம் பின்னுவாள். கூட்டத்தில் பின்னுவாள், முட்டைக்கோஸ் வாங்க வரிசையில் நின்றபடியும் பின்னுவாள். இப்படி ஓயாமல் பின்னியும் அந்த வீட்டில் எதுவும் முடிந்த பாடில்லை. ஒரு கண்ணி பிசகினாலும் அவளுக்குப் பொறுக்காது. நூறு வரிசை தாண்டியிருந்தாலும் ஊசியை உருவிவிட்டு மளமளவென்று பிரித்துவிடுவாள். பிரித்த நூலைக் கெட்டிலின் ஆவியில் காட்டிச் சுருள் எடுத்து, உருண்டை சுற்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சாங்ஹேயின் ஸ்வெட்டர் இப்படி நாலு தடவை பிறந்து நாலு தடவை செத்தது. மூன்று குளிர்காலமாக அந்த மனிதன் முழங்கை கிழிந்த பழசைப் போட்டுக்கொண்டு நடுங்கினான், பாவம்.

ஆனால் ஒன்று. நாற்பத்திரண்டு வயதில் அவள் கையிலிருந்து தப்போடு ஒரு துண்டு வெளியே போனதாக யாரும் சொல்லிவிட முடியாது. பிசகிய வேலையை அடுத்தவர் கண்ணில் படுமுன் பிரித்துவிடுவாள். அவளுக்கு இருந்த ஒரே நகை அந்தப் பெருமைதான்.

ஒரு வியாழக்கிழமைக் கூட்டத்தில்தான் வினை வந்தது. மேலதிகாரி பாதுகாப்பு விதிகளை வாசித்துக்கொண்டிருந்தார். எதிர் அறையில் குடியிருக்கும் கோங் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி காதில் ஓதினாள்.

"உன் வீட்டுக்காரன் நேத்து சாமான் கிடங்குல நின்னான்டி. அங்க வேலை பார்க்கிற யுன்ஷியா இல்ல, புருஷன் செத்துப்போனவ, அவ இவன் தோளைச் சாண் போட்டு அளந்துக்கிட்டிருந்தா."

"தோளையா?"

"தோளையேதான். ஸ்வெட்டர் பின்ன அளவெடுப்போமே, அந்த மாதிரி." தொலியைத் துப்பினாள். "நமக்கு எதுக்குடி ஊர் வம்பு. மனசுல பட்டுது, சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் ஒருத்தி ஓர் ஆணுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள் என்றால் அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். ஃபெங்சினும் கேட்கவில்லை. மடியில் இருந்த ஊசிகள் மட்டும் வேகமெடுத்தன.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவன் கோட்டை மோந்து பார்த்தாள். அவன் சீட்டியடித்தால் ஏன் அடிக்கிறான் என்று யோசித்தாள், அடிக்காவிட்டால் ஏன் நிறுத்தினான் என்று யோசித்தாள். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து முதல் பையைத் திறந்தவள் துண்டை விளக்கடிக்குக் கொண்டுபோனாள். கீழே அவளுடைய சீரான பின்னல். அதற்கு மேல் ஒன்பது வரிசை, கண்ணிக்குள் ஊசி நுழைய முடியாத அளவுக்கு, கடித்த பல் மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு சூரியகாந்தித் தொலி வேறு சிக்கியிருந்தது. அதைப் பத்திரமாக எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தாள்.

"லுவோ!" கோபம் வந்தால் புருஷனைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "இது என் கை இல்ல. யார்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தே?"

"உன் பையை நான் தொடுவேனா? தொட்டா கொன்னுடுவியே."

"கிடங்குல யார்கிட்ட குடுத்தேன்னு கேட்டேன்."

சாங்ஹே வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "ஏம்மா, மூணு வருஷமா எனக்கு ஸ்வெட்டர் இல்ல. எவளாவது பின்னிக் குடுத்தா மாட்டிக்கிட்டு வர மாட்டேனா? உன் பையிலயா கொண்டுவந்து ஒளிச்சு வைப்பேன்?"

நியாயமான பேச்சுதான். பதிலைத் தயாராக வைத்திருக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை நடைகூடத்தில் எட்டு அடுப்புகளும் எரிந்துகொண்டிருந்தன. எட்டுக் குடும்பத்துக்கும் சமையல் அங்கேதான். "என் ஸ்வெட்டர்ல அடுத்தவ கை பட்டிருக்கு. யார் கைன்னு கிடங்குல போய்க் கேளுங்க," என்றாள் ஃபெங்சின், கோங் அக்காவிடம் சொல்வது போல, எட்டு பேருக்கும் கேட்கும்படி. முட்டைக்கோஸ் வதங்குவதற்குள் பேச்சு மூன்று மாடி இறங்கிவிட்டது. புதன்கிழமை மகளிர் குழுச் செயலாளரின் காதுக்குப் போயிற்று. யுன்ஷியா இரண்டு குழந்தைகளோடு மாமியார் வீட்டில் ஒரு திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டிருந்தவள். புதுக் கட்டடத்தில் ஓர் அறைக்கு அவள் பெயர் எழுதியிருந்தது. விஷயம் தெளிவாகிறவரை அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. யுன்ஷியா. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த வாரம் நானூறு பேருக்குப் பஞ்சுக் கோட்டு குடுக்கணும். அளவு நாடாவை எலி கடிச்சிடுச்சு. நானூறு தோளையும் சாண் போட்டுத்தான் அளந்தேன். கோங் அக்கா வீட்டுக்காரர் மூணு சாண், போய்ச் சொல்லுங்க."

ஃபெங்சின் தீப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். "அப்ப இது?"

யுன்ஷியா எட்டிப் பார்த்தாள். பிறகு உதட்டைத் தூக்கிக் காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லை. "ரெண்டு வருஷமா விதை கடிக்கல நான். ஊசியைக் குடுங்க."

ஃபெங்சின் வேறு நூலும் ஊசியும் கொடுத்தாள். யுன்ஷியா இரண்டு வரிசை பின்னிக் காட்டினாள். மீன் வலை தோற்றது. "எங்க வீட்டு சாக்ஸ்ல பிள்ளைங்க விரல் அஞ்சும் வெளியில எட்டிப் பார்க்கும். இதுதான் என் கை."

"வேணும்னே தளர்த்தியும் பின்னலாம்."

யுன்ஷியா எழுந்துவிட்டாள். "நாளைக்கு அறை கிடைச்சவங்க பட்டியல் ஒட்டுறாங்க அக்கா. நீங்க நல்லா யோசிச்சுப் பாருங்க."

அவள் போன பிறகும் ஃபெங்சினின் சந்தேகம் அடங்கவில்லை, இடம் மாறிக்கொண்டது. பல் உள்ளவள் எவள்? கிடங்கில் இன்னொருத்தி இருக்கிறாளா? யோசிக்கும்போது கைக்கு வேலை வேண்டும். இரண்டாவது பையை எடுத்து மகளின் கால்சட்டையைப் பிரித்துப் போட்டாள். முழங்காலுக்கு மேலே அதே இறுக்கம். மூன்றாவது பையில் உள்சட்டை, அதிலும் அப்படியே. தலையணை உறையில் புதிதாகத் தைத்த வாத்துத் தலையைச் சுற்றித் துணி சுருங்கி, வாத்து முறைத்தது.

இத்தனை பையையும் தேடி வந்து பின்னிவிட்டுப் போக எவளுக்கு வேலையில்லை? கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு நாள் கணக்குப் பார்த்தாள். வாத்துத் தலை போன திங்கட்கிழமை தைத்தது. கால்சட்டை வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் உள்சட்டை பின்னியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோங் அக்கா தொலி துப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று காலை அவசரத்தில் கைக்கு அகப்பட்டது முதல் பைதான். யுன்ஷியாவின் பெயர் காதில் விழுந்த அந்த நிமிஷத்திலிருந்து அவள் தொட்டதெல்லாம் இறுகியிருந்தது.

பத்து நிமிஷ வேலைதான். ஊசியை உருவி இழுத்தால் ஒன்பது வரிசையும் போய்விடும். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கையில் இருந்த தப்பை வாழ்நாளெல்லாம் அப்படித்தான் ஒழித்திருக்கிறாள். ஊசியைப் பாதி உருவியும் விட்டாள். நாளைக்கு ஒட்டப்போகும் பட்டியல் ஞாபகம் வந்தது. ஊசியைத் திரும்பச் சொருகினாள்.

நடைகூடத்தில் ராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஃபெங்சின் ஸ்வெட்டரை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. இந்த ஒன்பது வரிசை. அடுத்தவ கைன்னு சொன்னேனே, அது என் கைதான். நானே பின்னிட்டு நானே அடையாளம் தெரியாம அந்தப் பொண்ணு மேல பழி போட்டேன்."

எண்ணெய்க் கைகள் ஒவ்வொன்றாக ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தன. யாரோ சிரித்தார்கள். "ஐயய்யோ, ஃபெங்சின் கையா இது! மர ஊசி உடையாம இருந்ததே அதிசயம்," என்றாள் ஒருத்தி. கோங் அக்கா மட்டும் அருகில் வந்து முணுமுணுத்தாள். "பைத்தியக்காரி, கமுக்கமா பிரிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? யாருக்குத் தெரியப்போவுது?"

"அதனாலதான் பிரிக்கல," என்றாள் ஃபெங்சின். "கோட்டை மாட்டுங்க அக்கா. செயலாளர் வீட்டுக்கு நீங்களும் வர்றீங்க."

திங்கட்கிழமை ஒட்டிய பட்டியலில் யுன்ஷியாவின் பெயர் கடைசியில் இருந்தது, பேனாவில் பிறகு சேர்த்தது.

ஸ்வெட்டர் பத்தே நாளில் முடிந்தது. அந்த வீட்டில் முடிந்த முதல் துணி அதுதான். போட்டுப் பார்த்த சாங்ஹே கையை மேலும் கீழும் ஆட்டினான். "சூடா இருக்கு. ஆனா நெஞ்சுகிட்ட பிடிக்குதே."

"தெரியும். கழட்டாதே."

அதைப் போட்டுக்கொண்டே அவளோடு தொழிற்சாலை வாசலில் நடந்தபோது எதிரே யுன்ஷியா வந்தாள். சாங்ஹேயைப் பார்க்கவில்லை, ஸ்வெட்டரைப் பார்த்தாள். கிட்ட வந்து, ஒற்றை விரலால் அந்த இறுக்கத்தைத் தடவினாள்.

"இவ்வளவு இறுக்கமா?" என்றாள். "கை வலிச்சிருக்குமே, அக்கா."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.